புதிய லாட் ஆன்டிபாடி காட்டுவது கே27ஐயா, கே9ஐயா?

கொருக்குப்பேட்டை ஆய்வு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களில், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதமான எச்3இன் 27ஆம் லைசினில் (சுருக்கமாக கே27; கே9 என்றால் 9ஆம் லைசின்) ஏறும் அசிட்டைல் தொகுதியைப் பின்தொடர்வது என் வேலை. இரண்டு ஆண்டுகளாக ஒரே பாலிகுளோனல் ஆன்டிபாடியை (பல ஆன்டிபாடிகளின் கலவை) கொண்டு, புரதத்தை ஜெல்லில் பிரித்துப் பட்டையாகப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டும், அந்த அசிட்டைல் டிஎன்ஏவின் எந்த இடங்களில் இருக்கிறது என்று பார்க்கும் சிப்பும் செய்து வந்தேன். மார்ச்சில் அது தீர்ந்துவிட, அதே கேட்டலாக் எண்ணில் புதிய குப்பி கேட்டோம்; கிடைத்தது வேறு லாட், அதாவது வேறு தயாரிப்புத் தொகுதி. மே மாத அக்னி வெயிலில் ஒன்பது நாள் சுங்கக் கிடங்கில் கிடந்து வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்தபோது ஜெல் பொதிகள் உருகி, கைக்கு வெதுவெதுப்பாகவே இருந்தன.

பழைய குப்பியில், மருந்து எதுவும் கொடுக்காத செல்களில் 17 கிலோடால்டன் இடத்தில் மங்கலான பட்டையும், அசிட்டைலை நீக்கும் நொதிகளைத் தடுக்கும் சோடியம் பியூட்டிரேட்டில் (5 மில்லிமோலார்) 16 மணி நேரம் இருந்த செல்களில் அடர்ந்த பட்டையும் தெரியும். புதிய குப்பியில் இரண்டும் ஒரே கருப்பு; மெம்பரேனின் மற்ற இடம் சுத்தமாகவே இருக்கிறது. வெயிலில் கெட்டுவிட்டது என்று நான் நினைக்கிறேன். பியூட்டிரேட் பழசாகியிருக்கும் என்கிறார் என் நெறியாளர். இந்தக் குப்பியை நம்பி அடுத்த மாதம் சிப் வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

மணலி மைக்ரோபிப்பெட் எழுதியது:

தங்கச்சி, முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுவோம். ஜெல் எத்தனை சதவீதம்? மெம்பரேன் 0.45 மைக்ரானா, 0.2 மைக்ரானா? ஹிஸ்டோன் சிறிய புரதம் என்பதால் 0.45இல் பாதி ஊடுருவி மறுபக்கம் போய்விடும். செல்களை உடைக்கும் பஃபரில் பியூட்டிரேட் சேர்த்தீர்களா? சேர்க்காவிட்டால், அசிட்டைலை நீக்கும் நொதிகள் ஐஸ் மேலேயும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மொத்த எச்3க்கு ஒரு பிளாட் போட்டுச் சமன் பார்த்தீர்களா? கடைசியாக, எந்த விகிதத்தில் கலந்தீர்கள்?

கொருக்குப்பேட்டை ஆய்வு மாணவி எழுதியது:

15 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் நைட்ரோசெல்லுலோஸ், 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எடுத்த ஹிஸ்டோன். எல்லாப் பஃபரிலும் பியூட்டிரேட் உண்டு. இந்த முறை அதைப் புதிதாகவே கரைத்தேன். மொத்த எச்3 இரண்டு பாதைகளிலும் சமமாகவே இருந்தது. பழைய குப்பிக்குப் பழகிய கையால் புதியதையும் 1:1000 என்றே கலந்தேன், அண்ணா.

பெரம்பூர் ஓய்வுபெற்றவர் எழுதியது:

அம்மா, வெயிலை விட்டுவிடுங்கள். ஆன்டிபாடி நாம் நினைப்பது போல் அவ்வளவு நொய்ந்த பொருள் அன்று; முயலின் இரத்தத்தில் 39 டிகிரி வெப்பத்தில் நாள்கணக்கில் சுற்றி வந்த புரதம் அது. உறைவித்து உருக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் அதற்குப் பெரிய கேடு. அப்படியே வெப்பத்தால் கெட்டிருந்தாலும் பட்டை மங்கும், அல்லது மெம்பரேன் முழுவதும் அழுக்காகும். உங்களுக்கோ பட்டை கருத்திருக்கிறது. பின்னணி சுத்தமாக இருக்கிறது என்றும் உங்கள் சொல்லிலிருந்து தெரிகிறது. வலு குன்றுவது ஒரு நோய்; ஆள் மாறிப் பிடிப்பது வேறு நோய். உங்கள் குப்பிக்கு இரண்டாவது நோயோ, ஒருவேளை நோயே இல்லாத அளவுமீறிய பலமோ இருக்கலாம்.

பலம் பற்றி முதலில் சொல்கிறேன். பாலிகுளோனல் என்றால் ஒவ்வொரு லாட்டும் வேறொரு முயல், அல்லது அதே முயலின் வேறொரு நாள் இரத்தம். இந்த லாட்டின் அளவு பழையதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால், 1:1000இல் இரண்டு பாதைகளும் நிறைசெறிவுக்குப் போய் ஒரே கருப்பாகத்தான் தெரியும். ஆகவே 1:5000, 1:20000 என்று கலந்து, பட்டையில் வேறுபாடு திரும்புகிறதா என்று பாருங்கள்.

திரும்பினாலும் கதை முடியாது. எச்3இன் வால் பகுதியை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். 7ஆம் இடத்திலிருந்து அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். 25ஆம் இடத்திலிருந்து மறுபடியும் அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். 9ஆம் லைசினுக்கும் 27ஆம் லைசினுக்கும் அக்கம்பக்கத்து வீட்டார் ஒருவரே. கே27இல் அசிட்டைல் ஏற்றிய பெப்டைடை, அதாவது அந்த வாலின் சிறு துண்டை, முயலுக்கு ஊசியாகப் போட்டால், முயலின் உடல் 24ஆம் இடத்தையும் 29ஆம் இடத்தையும் கவனித்துப் பிடிக்கிறதா, நடுவிலுள்ள நான்கு எழுத்தை மட்டும் பிடிக்கிறதா என்பது அதன் விருப்பம். நான்கை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி மிகுதியாக உள்ள லாட், கே9 அசிட்டைலையும் கே27 என்றே உங்களுக்குக் காட்டும். இரண்டும் ஒரே புரதத்தில் ஒரே வாலில் இருப்பதால் பட்டையின் இடம் மாறாது. 17 கிலோடால்டனில் ஒற்றைப் பட்டை என்பது இங்கே எதற்கும் சான்று ஆகாது. குப்பியின் மேல் எழுதியிருப்பது முயலுக்கு எதை ஊட்டினார்கள் என்பதே. முயல் எதைக் கற்றுக்கொண்டது என்பது அதில் இல்லை.

வயதானவன் என்பதால் ஒரு பழங்கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் இந்த ஆன்டிபாடி எதுவும் கிடையாது. அமில-யூரியா ஜெல்லில் ஹிஸ்டோனை ஓடவிடுவோம். லைசினில் அசிட்டைல் ஏறினால் அதன் நேர்மின்சுமை ஒன்று போய்விடும். ஆகவே ஓட்டம் ஒரு படி பின்தங்கும். எச்4இன் வாலில் 5, 8, 12, 16 என்று நான்கு இடங்களில் ஏறக்கூடும் என்பதால், ஒன்றும் ஏறாதது முதல் நான்கும் ஏறியது வரை ஐந்து கோடுகள், படிக்கட்டு மாதிரி நிற்கும். எந்தப் படியில் எந்த லைசின் என்று அந்த ஜெல் சொல்லாது. ஆனால் சொன்ன அளவுக்குப் பொய் சொல்லாது.

ராயபுரம் 13 எழுதியது:

ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு பாடு எதற்கு என்பது என் கட்சி. மறுசேர்க்கை முறையில் செய்த முயல் மோனோகுளோனல் இப்போது கடையிலேயே கிடைக்கிறது. கலவையாக இல்லாமல், மரபணு வரிசை தெரிந்த ஒற்றை வகை ஆன்டிபாடி அது. லாட்டுக்கு லாட் முயல் மாறாது. பாலிகுளோனல் குப்பியைப் பரிசோதிக்கச் செலவாகும் இரண்டு மாதத்தைச் சேமித்து, அதை வாங்கிவிடலாம்.

எச்சரிக்கைக்கு ஒரு கணக்கு. 2011இல் வெளியான ஒரு பெரிய மதிப்பீட்டில் ஹிஸ்டோன் மாற்றங்களுக்கான 200க்கும் மேற்பட்ட ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். கால் பங்குக்கும் மேற்பட்டவை டாட் பிளாட்டிலோ (பெப்டைடை மெம்பரேனில் சொட்டாக வைத்துப் பார்ப்பது) வெஸ்டர்னிலோ தேறவில்லை. தேறியவற்றிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிப்பில் கைவிட்டன. அதைப் படித்த நாளிலிருந்து பாலிகுளோனல் குப்பி என்றாலே எனக்கு ஒவ்வாமை.

பெரம்பூர் ஓய்வுபெற்றவர் எழுதியது:

தம்பி, மோனோகுளோனல் என்றால் லாட்டுக்கு லாட் ஒரே மாதிரி இருக்கும் என்பது சரி. தவறாகப் பிடிக்கும் மோனோகுளோனல், லாட்டுக்கு லாட் ஒரே மாதிரித் தவறாகவும் பிடிக்கும். எச்4க்கான தள ஆன்டிபாடிகளில் இது நடந்திருக்கிறது. 5ஆம் லைசினுக்கு, 8ஆம் லைசினுக்கு என்று தனித்தனியாக விற்றவற்றில் பல, ஒற்றை அசிட்டைலைவிடப் பக்கத்தில் பலவும் ஏறிய வாலையே விரும்பிப் பிடித்தன என்று 2012இல் காட்டினார்கள். வாங்கினாலும் சோதித்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் சொன்ன கணக்கின் கடைசி வரியும் அதைத்தான் சொல்கிறது: பிளாட்டில் தேறியது சிப்பில் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கொருக்குப்பேட்டை ஆய்வு மாணவி எழுதியது:

ராயபுரம் அண்ணாவின் யோசனை நல்லதுதான். ஆனால் இந்த ஆண்டின் ஆய்வுச் செலவுத் தொகையில் பெரும்பகுதி இந்தக் குப்பிக்கே போய்விட்டது. இன்னொன்று வேண்டும் என்றால் மூன்று விலைப்புள்ளி வாங்கி, கொள்முதல் குழு கூடி, அது வந்து சேர்வதற்குள் தீபாவளி வந்துவிடும். கையில் இருப்பதைச் சோதிக்கவே விரும்புகிறேன். டாட் பிளாட்டுக்கு அசிட்டைல் ஏற்றிய பெப்டைடுகள் வேண்டும். சென்னையில் யாரிடமாவது மிச்சம் இருக்குமா?

காசிமேட்டுக் கரையோரம் எழுதியது:

என்னிடம் இருக்கிறது. நான் எண்ணூர் கழிமுகத்து மடவை மீனின் ஈரலில் குரோமாட்டின், அதாவது டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்த இழை, பார்க்கிறவன். மீனுக்கு மனித ஆன்டிபாடி எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். எச்3இன் வால் மீனுக்கும் மனிதனுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, ஆகவே அந்தக் கவலை இல்லை. என் கவலை வேறு. ஏலத்துக்கு வரும் மீன் செத்து எத்தனை மணி நேரம் ஆனது என்று தெரியாது. ஈரலில் உள்ள புரதம் அறுக்கும் நொதிகள் எச்3இன் வாலை நறுக்கிவிடுகின்றன. அப்போது 17க்குக் கீழே இன்னொரு பட்டை வரும். எலிக் கருமூலச் செல்களில் 21ஆம் எச்சத்துக்குப் பிறகு வெட்டு விழுவதை 2008இலேயே காட்டியிருக்கிறார்கள். அப்படி வெட்டுப்பட்ட துண்டில் 9ஆம் லைசின் இருக்காது, 27 இருக்கும். அதனால் அந்தக் கீழ்ப்பட்டை எனக்கு ஓர் இலவசச் சோதனை: உண்மையான கே9 ஆன்டிபாடி அதைக் காணக்கூடாது. விடியற்காலையில் வலையிலிருந்து நேரே வாங்கிய மீனில் கீழ்ப்பட்டை வருவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெப்டைடு விஷயம். பயோட்டின் கட்டியவை நான்கு வைத்திருக்கிறேன்: மாற்றமில்லாத 1–20, கே9 அசிட்டைல் 1–20, மாற்றமில்லாத 21–44, கே27 அசிட்டைல் 21–44. பயோட்டின் இருப்பது நல்லது. சிறிய பெப்டைடுகள் மெம்பரேனில் ஒட்டுவதில் பாரபட்சம் காட்டும், பொன்சோ சாயத்தில் சரியாகத் தெரியவும் தெரியாது. பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் போட்டு, நான்கும் சமமாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஆன்டிபாடியின் தீர்ப்பை நம்புங்கள். ஐஸ் பெட்டியோடு வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பெரம்பூர் ஓய்வுபெற்றவர் எழுதியது:

பெப்டைடு கிடைத்தது மகிழ்ச்சி. அதோடு செல்லிலேயே ஒரு சோதனை செய்ய வழியிருக்கிறது. கே27இலும் கே18இலும் அசிட்டைல் ஏற்றுபவை பெரும்பாலும் பி300, சிபிபி என்ற இரட்டை நொதிகள். கே9இல் ஏற்றுபவை ஜிசிஎன்5, பிசிஏஎஃப். 2017இல் வெளியான ஏ-485 என்ற மருந்து முதல் இரட்டையரை மட்டும் முடக்குகிறது. அதைக் கொடுத்த செல்களில் கே27 அசிட்டைல் விழும், கே9 நிற்கும். உங்கள் ஆன்டிபாடியின் பட்டை விழாமல் நின்றால், அது பார்த்துக்கொண்டிருப்பது யாரை என்று தெரிந்துவிடும். பியூட்டிரேட் இதற்கு உதவாது. அது எல்லா லைசினிலும் அசிட்டைலை ஏற்றிவிடும், ஆளைப் பிரித்துக் காட்டாது. பியூட்டிரேட் மட்டுமே கட்டுப்பாட்டுச் சோதனையாக இருக்கும் கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

குறைந்த அசிட்டைல் உள்ள மாதிரி வேண்டுமானால், வண்ணாரப்பேட்டைக் கோழிக்கடைக்கு ஒரு சிட்ரேட் குழாயோடு காலையிலேயே போங்கள். கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. அதன் குரோமாட்டினில் மிகப் பெரும்பகுதி தூங்கிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் முதல் நாள் முறைப்பார், மூன்றாம் நாள் அவரே எடுத்து வைப்பார். ஏளனம் வேண்டாம், 1988இல் ஹெப்ஸ், தோர்ன், கிரேன்-ராபின்சன் மூவரும் அசிட்டைல் லைசினுக்கான ஆன்டிபாடியால் குரோமாட்டினைப் பிரித்து, அசிட்டைலேற்றத்துக்கும் இயங்கும் மரபணுவுக்கும் நேரடித் தொடர்பைக் காட்டியது கோழிக் கருவின் சிவப்பணுவில்தான். அங்கே குளோபின் மரபணு செறிந்து வந்தது, முட்டைப் புரதத்தின் மரபணு வரவில்லை. இன்று நீங்கள் சிப் என்று சொல்வதன் பாட்டி அந்தச் சோதனை.

கொருக்குப்பேட்டை ஆய்வு மாணவி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பொறுத்தருளுங்கள். முடிவுகளை எழுதுகிறேன்.

பெப்டைடை வாங்கி வந்த அன்று கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இரண்டு சரக்கு வண்டிகள் கடக்கும்வரை நின்றோம். ஐஸ் பெட்டியின் மூடியை அதற்குள் நான்கு முறை திறந்து பார்த்திருப்பேன். மெம்பரேனில் பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு பெப்டைடையும் 100, 20, 4 நானோகிராம் என்று ஒரு மைக்ரோலிட்டர் சொட்டாக வைத்தேன். சொட்டு பரவாமல் இருக்க, முனையை மெம்பரேனில் தொட்டும் தொடாமலும் பிடித்து, துளி தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது கட்டத்தில் ஈகோலியில் செய்த, எந்த மாற்றமும் இல்லாத முழு எச்3. ஸ்ட்ரெப்டாவிடினில் நான்கு பெப்டைடுகளும் ஏறக்குறைய சமமாகத் தெரிந்தன.

பழைய குப்பியைக் குப்பையில் போடாதது நல்லதாயிற்று. சுழற்றியில் வைத்து ஒரு சுற்று விட்டதும் மூடியில் ஒட்டியிருந்தது கீழே இறங்கி, நான்கு மைக்ரோலிட்டர் தேறியது. பழையது, கே27 அசிட்டைலை மூன்று அளவிலும் காட்டியது. கே9 அசிட்டைலை 100 நானோகிராமில் மட்டும், நிழல் போலக் காட்டியது. புதியதை 1:10000இல் வைத்தேன். கே27 அசிட்டைல் மூன்று அளவிலும் வந்தது, கே9 அசிட்டைலும் மூன்று அளவிலும் வந்தது. 20 நானோகிராமில் கே9இன் அடர்வு கே27இல் பாதிக்குச் சற்று மேல். மாற்றமில்லாத பெப்டைடுகளும் ஈகோலி எச்3யும் இரண்டு குப்பியிலும் வெறுமையாகவே இருந்தன. ஆக, அசிட்டைல் இல்லாமல் இது பிடிப்பதில்லை. எந்த லைசினின் அசிட்டைல் என்பதில்தான் கவலையில்லாமல் இருக்கிறது.

செல்லிலும் அதேதான். ஐயா சொன்னபடி நீர்க்கச் செய்ததும் பியூட்டிரேட் வேறுபாடு திரும்பி வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் குப்பி நல்லது என்று எழுதி வைத்துவிட்டு சிப்புக்குப் போயிருப்பேன். பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய ஏ-485ஐ 3 மைக்ரோமோலாரில் நான்கு மணி நேரம் கொடுத்தபோது, பழைய குப்பியின் பட்டை தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு விழுந்தது; புதியதன் பட்டை குறைந்ததே தவிர விழவில்லை.

கோழி இரத்தத்தில் இரண்டு குப்பியுமே ஏறக்குறைய ஒன்றும் காட்டவில்லை. கடைக்காரர் முதல் நாளே முறைக்காமல் கொடுத்துவிட்டார், ஐயா. எதற்கு என்று மட்டும் மூன்று முறை கேட்டார்.

ராயபுரம் 13 எழுதியது:

அருமையான வேலை, தங்கச்சி. என் கட்சியை விட்டுக் கொடுக்கவில்லை என்றாலும், சோதிக்காமல் வாங்கு என்று சொன்னது தவறுதான்.

இப்போது சிப்புக்கு வருவோம். பழைய குப்பி டாட் பிளாட்டில் தேறியது என்பதால் இரண்டு ஆண்டு சிப் முடிவுகள் காப்பாற்றப்பட்டுவிட்டன என்று எடுத்துக்கொள்ள முடியுமா? சிப்புக்காகச் செல்களை 1 சதவீத ஃபார்மால்டிஹைடில் பத்து நிமிடம் வைக்கும்போது பக்கத்திலுள்ள வெறும் லைசின்களும் ஆர்ஜினினும் குறுக்கே பிணைந்துவிடுகின்றன. கே27க்கு அடுத்த 28ஆம் செரினில் பாஸ்பேட் ஏறியிருந்தால், அசிட்டைல் இருந்தும் ஆன்டிபாடி அதைக் காணாமல் போகலாம். மெம்பரேனில் விரிந்து கிடக்கும் பெப்டைடும், ஹிஸ்டோன்களின் மேல் டிஎன்ஏ சுற்றிய நியூக்ளியோசோமும் ஒன்றல்ல.

பெரம்பூர் ஓய்வுபெற்றவர் எழுதியது:

சரியான கேள்வி. குறியீட்டு டிஎன்ஏ கட்டிய செயற்கை நியூக்ளியோசோம்களை மாதிரியோடு கலந்து சிப் வைத்தால் நேரடியாகவே தெரியும். 2018இல் எச்3 கே4 மெத்தில் ஆன்டிபாடிகளை அப்படிச் சோதித்தபோது, பெப்டைடில் நன்றாக இருந்த பல, நியூக்ளியோசோமில் நன்றாக இல்லை. ஆனால் அதன் விலை இந்த மாணவியின் குப்பியைப் போல் பல குப்பி. கைக்கு எட்டுவது ஒன்று உண்டு: ஏ-485 கொடுத்த செல்களிலேயே சிப் வைத்து, நீங்கள் ஏற்கெனவே கே27 என்று எழுதியிருக்கும் என்ஹான்சர் (மரபணுவின் இயக்கத்தைக் கூட்டும் டிஎன்ஏ பகுதி) இடங்களில் நான்கைந்தை, டிஎன்ஏவின் அளவைக் காட்டும் கியூபிசிஆரில் பாருங்கள். அங்கே சமிக்ஞை விழுந்தால் அந்த இடங்களுக்காவது உங்கள் பழைய முடிவு நிற்கும். பழைய குப்பி தீர்ந்துவிட்டதே என்றால், அந்தச் சோதனையைப் புதிய, சோதித்த ஆன்டிபாடியால் செய்து, பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மணலி மைக்ரோபிப்பெட் எழுதியது:

விநியோகஸ்தருக்கு எழுதும்போது ஆன்டிபாடி வேலை செய்யவில்லை என்று எழுதாதீர்கள். உடனே, வெயிலில் வைத்திருப்பீர்கள் என்று பதில் வரும். லாட் எண்ணைப் போட்டு, கே9 பெப்டைடைப் பிடிக்கிறது என்று டாட் பிளாட் படத்தோடு எழுதுங்கள். பழைய லாட்டில் கையிருப்பு உண்டா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். இனிமேல் வாங்கும் குப்பி எதுவானாலும், வந்த அன்றே பத்து பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் லாட் எண்ணை எழுதி வையுங்கள். கிளிசரால் பாதி கலந்ததென்றால் மைனஸ் 20இல் அது உறையாது, அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். கலக்காததை மட்டும் உறைவித்தால் ஒருமுறைதான் உருக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை ஆய்வு மாணவி எழுதியது:

அண்ணா சொன்னபடியே எழுதினேன். பழைய லாட் எங்கும் இல்லையாம். ஆனால் டாட் பிளாட் படத்தைப் பார்த்த பிறகு பணத்தைக் கழித்துக்கொண்டு, அதே நிறுவனத்தின் மறுசேர்க்கை மோனோகுளோனலைத் தர ஒப்புக்கொண்டார்கள். ராயபுரம் அண்ணா சிரிப்பது இங்கே கேட்கிறது. வந்ததும் அதே நான்கு பெப்டைடு, அதே ஏ-485, பிறகுதான் சிப்.

ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் எந்தப் படம் எந்த லாட்டில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டுக் குறிப்பேட்டில் ஆறு பிளாட்டுகளுக்கு லாட் எண்ணே இல்லை. அவற்றை நீக்கிவிடலாம் என்று நெறியாளரும் சம்மதித்துவிட்டார்.

காசிமேட்டு அண்ணாவுக்கு: 21–44 கே27 பெப்டைடில் இன்னும் 30 மைக்ரோலிட்டர் மிச்சம் இருக்கிறது. புதிய ஆன்டிபாடி வரும்வரை என்னிடமே இருக்கலாமா, அல்லது சனிக்கிழமை கொண்டு வந்து தரட்டுமா?

காசிமேட்டுக் கரையோரம் எழுதியது:

உங்களிடமே இருக்கட்டும். புதியது வந்ததும் ஐந்து மைக்ரோலிட்டர் மட்டும் எனக்கு எடுத்து வையுங்கள். மடவை ஈரலின் கீழ்ப்பட்டையில் அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.